எடையும் ஈர்ப்பும்: தராசுக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் தராசு விற்பது, பழுது பார்ப்பது, அளவு சரி என்று அரசு போடும் முத்திரைக்குக் கொண்டுபோய் வருவது என் தொழில். மீன் ஏலம் எடுப்பவர், ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை வியாபாரி, ரப்பர் ஷீட் வாங்குபவர், நகைக்கடைக்காரர் எல்லோரும் வருவார்கள். தராசைக் கொடுத்துவிட்டு யாரும் சும்மா நிற்பதில்லை. வாசலில் போட்டிருக்கும் ஆள் எடை மிஷினில் ஒரு தடவை ஏறி இறங்குவார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கேள்வி இன்னும் கடினமாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கணக்குக்கு எல்லா இடத்திலும் 60 கிலோ ஆள் ஒருவரை வைத்துக்கொள்கிறேன்.

எடை என்றால் உண்மையில் என்ன?

பூமி உங்களைத் தன் நடுவை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பின் அளவுதான் எடை. உங்கள் உடம்பில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது நிறை. பொருள் கூடினால் இழுப்பும் அதே விகிதத்தில் கூடும். அதனால்தான் கடைப்பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் பேசினாலும் வியாபாரம் கெடுவதில்லை.

இந்த இழுப்பைத் தீர்மானிப்பவை மூன்று: உங்கள் நிறை, பூமியின் நிறை, பூமியின் நடுப்புள்ளியிலிருந்து நீங்கள் நிற்கும் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு பாதியாகாது, நான்கில் ஒன்றாகிவிடும். 1687-இல் நியூட்டன் இந்த விதியை எழுதினார். பூமியின் அடர்த்தியை அளந்து, அதிலிருந்து அதன் நிறையைக் கணக்கிட வழி காட்டியவர் கேவெண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1798-இல் ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு, ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தே அதைச் செய்தார். பூமி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு அடர்த்தி என்று அவருக்குக் கிடைத்தது. தராசுத் தொழிலில் இருக்கிற எவனும் அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும்.

அப்படியானால் மிஷின் காட்டுகிற 60 கிலோ நிறையா, எடையா?

மிஷின் உணர்வது எடை, எழுதிக் காட்டுவது நிறை. நடுவில் ஒரு வகுத்தல் நடக்கிறது. கன்னியாகுமரியில் 60 கிலோ ஆள் மிஷினை அழுத்துவது ஏறத்தாழ 587 நியூட்டன். இங்கே நியூட்டன் என்பது இழுப்பை அளக்கும் அலகு. நம்மூரில் ஒரு கிலோவைப் பூமி இழுப்பது 9.78 நியூட்டன். 60-ஐ 9.78-ஆல் பெருக்கிப் பாருங்கள், வரும். புத்தகத்தில் 9.8 என்று போட்டிருப்பார்கள். உலகத்துக்குப் பொதுவாக 1901-இல் ஒப்புக்கொண்ட மதிப்பு 9.80665. நம்மூரில் அது கொஞ்சம் குறைவு, ஏன் என்று கீழே வருகிறது. மிஷின் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை வகுத்து, கிலோவாகக் காட்டுகிறது. தப்பான எண்ணை மனதில் வைத்திருந்தால் தப்பாகத்தான் காட்டும். என் பிழைப்பில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

பரீட்சையில் "என் எடை 60 கிலோ" என்று எழுதினால் வாத்தியார் மதிப்பெண் வெட்டுவார். நியாயம்தான். அதற்காகச் சந்தையில் போய் "அண்ணே, ஒன்பது புள்ளி எட்டு நியூட்டன் சாளை தாங்க" என்று கேட்க முடியாது.

மிஷினுக்குள்ளே என்னதான் இருக்கிறது?

மேல்தட்டைக் கழற்றினால் நடுவில் விரல் தடிமனில் ஓர் அலுமினியக் கட்டை. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். கட்டையின் இடுப்பில் ஓட்டை போட்டு அந்த இடத்தை மட்டும் மெலிதாக்கியிருப்பார்கள். அந்த மெலிந்த இடத்தின் மேலும் கீழும், நகத்தளவு படலம் ஒட்டி, வெள்ளைப் பசையால் மூடியிருக்கும். படலத்துக்குள் மயிரிழையை விட மெல்லிய உலோகக் கோடு வளைந்து வளைந்து போகும். நான்கு ஒயர்கள் வெளியே வரும். இதற்குப் பெயர் லோட் செல்.

நீங்கள் ஏறி நின்றால் கட்டை வளைகிறது. கண்ணால் பார்க்க முடியாத வளைவு. படலக் கோடு இழுபட்டு நீள்கிறது, நீண்டால் அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் சிப் படிக்கிறது. ஆக, மிஷினுக்கு உங்களைத் தெரியாது, கட்டை எவ்வளவு வளைந்தது என்பது மட்டும்தான் தெரியும். அங்கன்வாடியில் பிள்ளையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசும் இதே ஜாதி. அங்கே ஸ்பிரிங் நீளுகிறது, இங்கே கட்டை வளைகிறது.

பழைய இரண்டு தட்டுத் தராசும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாக்கி எல்லாம் தானாகப் புரியும்.

இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் பூ, மறு பக்கம் எடைக்கல். பூமி பூவையும் இழுக்கிறது, கல்லையும் இழுக்கிறது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறையும், முள் நடுவிலேயே நிற்கும். அந்தத் தராசை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோ பிச்சிப்பூவுக்கு ஒரு கிலோ கல்தான் சமன். அது நேராக நிறையைச் சொல்கிற தராசு. ஸ்பிரிங் தராசும் லோட் செல் தராசும் அப்படியில்லை. ஈர்ப்பு மாறினால் அவை காட்டும் எண்ணும் மாறும்.

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு தடவை விடிகாலை போய் நின்றேன். "மிஷின் ஆடிக்கிட்டே இருக்கு, ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது, வந்து பாரும்" என்று அக்கா ஒருத்தர் போன் பண்ணியிருந்தார். பார்த்தால் மிஷினில் குற்றமே இல்லை. ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று பெரிய பூத்தட்டைக் கீழே அழுத்துகிறது, மேலே தூக்குகிறது. தட்டில் இருப்பது லேசான பூ, தட்டோ அகலமானது. மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்தேன், எண் அப்படியே நின்றது. "இதுக்கா உமக்குக் காசு?" என்றார். சாயா வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்கவில்லை.

கன்னியாகுமரியில் நின்றால் எடை குறைவாம், காஷ்மீரில் கூடுதலாம். உண்மையா?

உண்மை. ஆனால் அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே சரியாக 60 கிலோ காட்டும்படி வைத்த லோட் செல் மிஷினை அப்படியே ஸ்ரீநகருக்குத் தூக்கிக்கொண்டுபோய் அதே ஆள் ஏறினால் ஏறத்தாழ 60 கிராம் கூடக் காட்டும். டெல்லியிலும் அதே 60 கிராம்தான். ஸ்ரீநகர் இன்னும் வடக்கே இருக்கிறதே என்று கேட்கலாம். வடக்கே போவதால் கூடுகிற ஈர்ப்பை, ஊர் உயரத்தில் இருப்பது தின்றுவிடுகிறது. துருவத்துக்கே போனால் 300 கிராம் கூடும்.

காரணம் இரண்டு. முதலாவது, பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் தொப்பை. நிலநடுக்கோட்டில் நடுப்புள்ளியிலிருந்து தரை வரை 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். அதாவது தொப்பையின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது, பூமி சுற்றுகிறது. முக்கடல் சங்கமத்தில் அசையாமல் நின்று சூரிய உதயம் பார்க்கும் ஆள் உண்மையில் மணிக்கு 1650 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். நேராகப் பறந்து போய்விடாமல் அவரை வட்டத்தில் பிடித்து வைக்கவே ஈர்ப்பின் ஒரு பங்கு செலவாகிறது. அந்தப் பங்கு தராசுக்கு வராது. 60 கிலோ ஆளுக்கு அது ஏறத்தாழ 200 கிராம். பூமி சுற்றுவதை நிறுத்தினால் நீங்கள் 200 கிராம் கூடுவீர்கள். ஆனால் அது நின்றால் எடை பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இதை அளந்து பார்த்த கதையும் நம் பக்கத்தைத் தொட்டுத்தான் போகிறது. ஆங்கிலேயர் காலத்து நில அளவைத் துறையில் பெசெவி என்று ஓர் அதிகாரி. 1865 முதல் ஊசல்களைத் தூக்கிக்கொண்டு இந்தியா நெடுக ஈர்ப்பை அளந்தார். குமரிமுனைப் பக்கம் அந்த வரிசையின் தென்கோடி. ஈர்ப்பு கூடினால் ஊசல் வேகமாக ஆடும், குறைந்தால் மெதுவாக ஆடும். நாள் முழுக்க ஆட்டத்தை எண்ண வேண்டும். 1871-இல் லடாக்கில் மிக உயரமான ஒரு சமவெளியில் குளிரில் அளந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். இன்று நான் பத்து நிமிஷத்தில் தராசு சரிபண்ணிக் காசு வாங்குகிறேன்.

மலை ஏறினால் எடை குறையுமா?

குறையும். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். பாலத்தின் கீழே பரளியாற்றங்கரையில் நிற்கும் 60 கிலோ ஆள், படியேறி மேலே போனால் இழப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. ஏறும்போது வியர்வையில் போவது அதைவிடப் பல மடங்கு.

மகேந்திரகிரி உச்சி 1654 மீட்டர். அங்கே வெறும் உயரக் கணக்குப்படி 30 கிராம் குறைய வேண்டும். ஆனால் காலுக்குக் கீழே மலை இருக்கிறதே, அதுவும் இழுக்கும். அதையும் சேர்த்தால் 20 முதல் 30 கிராமுக்குள் நிற்கும்.

உலகத்திலேயே தரையில் ஈர்ப்பு மிகக் குறைந்த இடமாகச் சொல்லப்படுவது பெரு நாட்டின் உவாஸ்கரான் மலை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், உயரமும் 6700 மீட்டருக்கு மேல். அங்கே 9.764 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மூர் 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 107 கிராம் குறைவு. எடை குறைக்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: அவ்வளவு தூரம் போய், அவ்வளவு உயரம் ஏறி, ஒரு டம்ளர் சாயா அளவு.

குமரிக்குத் தெற்கே கடலில் 'ஈர்ப்புக் குழி' இருக்கிறதாமே? படகு உள்ளே போய்விடாதா?

குழி இருப்பது நிஜம், பயம்தான் வீண். இந்திய தீபகற்பத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், பூமியின் ஈர்ப்பு எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. 1948-இல் வெனிங் மைனஸ் என்ற டச்சு விஞ்ஞானி கப்பல் ஆய்வின்போது இதைக் கண்டார். ஈர்ப்பு குறைந்த இடத்திலிருந்து தண்ணீர் பக்கத்துக்கு விலகி நிற்கும். அதனால் கணக்குப் புத்தகத்துப் பூமியின் வடிவத்தைவிட அங்கே கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. குழியின் சரிவு நம் கரை வரைக்கும் எட்டுகிறது. குமரிக் கடற்கரையிலேயே கடல்மட்டம் அந்தக் கணக்குக்குப் பல பத்து மீட்டர் கீழேதான்.

காரணம் என்ன என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கீழே ஆழத்திலிருந்து சூடான, லேசான பொருள் கிளம்பி இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்து போனதும் இதற்குத் தூண்டுதல் என்கிறார்கள்.

படகு ஏன் சரிந்து போகாது? நாம் மட்டம் என்று சொல்வதே ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதை வைத்துத்தான். கொத்தனாரின் தூக்குக்குண்டு காட்டும் திசைதான் கீழ். அந்தக் குழியின் கடல் பரப்பும் அந்தந்த இடத்துத் தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாகத்தான் இருக்கிறது. ஆகவே ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அந்த வழியெல்லாம் போய் வருகிறவர்கள்தான். அங்கே போனால் ஆள் எடையில் வரும் மாற்றம் சில கிராம்.

ஈர்ப்பு வித்தியாசம் இவ்வளவு சின்னது என்றால் அதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

ஆள் எடைக்குப் பேச வேண்டியதில்லை. தங்கத்துக்குப் பேசியே ஆக வேண்டும்.

நம் நாட்டில் தராசு செய்வதற்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று குஜராத்தின் சாவர்குண்ட்லா. அந்த ஊர் நமக்கு வெகு வடக்கே. அங்கே ஈர்ப்பு நம்மூரைவிட ஏறத்தாழ 0.05 சதவீதம் கூடுதல். அங்கேயே சரிபார்த்து, பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிய மிஷின், நாகர்கோவிலில் பெட்டியைப் பிரித்தவுடன் அந்த அளவு குறைத்துக் காட்டும். 60 கிலோ ஆளுக்கு 30 கிராம், யாருக்கும் தெரியாது. ஆள் மிஷின் பெரும்பாலும் 100 கிராம் படியில்தான் காட்டும். 50 கிலோ நேந்திரன் குலைக்கு 25 கிராம், அதற்கும் யாரும் சண்டை போட மாட்டார்கள்.

ஆனால் நகைத் தராசு மில்லிகிராம் பார்க்கிற தராசு. 100 கிராம் கல்லை வைத்தால் 99.950 என்று காட்டும். 50 மில்லிகிராம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, வடக்கே தங்கிவிட்டது. பல வருஷம் முன்பு ஒரு நகைக்கடைக்குப் புது மிஷின் கொண்டுபோய் வைத்தேன். பெட்டியில் தொழிற்சாலைச் சான்று, கூடவே "திறக்கக் கூடாது" என்ற ஸ்டிக்கர். அதை நம்பி நானும் சரிபார்க்காமல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடைக்காரர் அழைத்தார். பழைய மிஷினில் 24.000 வந்த மூன்று பவுன் சங்கிலி புது மிஷினில் 23.988. "யாரை ஏமாத்தப் பாக்குறீரு?" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், மிஷின் சரி, உங்கள் கல் தப்பு என்றார்கள். என் கல் முத்திரை போட்ட கல். அரை நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, நம்மூரிலேயே கல்லை வைத்து மறுபடி அளவு பதித்தேன். 24.000 வந்தது. கம்பெனிக்காரர் சொன்னது பொய்யில்லை. அவர் ஊரில் மிஷின் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நல்ல நகைத் தராசுகளில் உள்ளேயே ஒரு சின்னக் கல் இருக்கும். பட்டனை அழுத்தினால் மிஷின் அதைத் தூக்கி வைத்துத் தன்னைத்தானே அந்த ஊர் ஈர்ப்புக்குச் சரிபண்ணிக்கொள்ளும். கொஞ்சம் விலை கூடுதல். நகைக்கடை வைத்திருப்பவர்கள் அந்த விலையைக் கொடுத்துவிடுவதே நிம்மதி என்பது என் அபிப்பிராயம். எந்த மிஷினானாலும் வருஷா வருஷம் முத்திரை போடும்போது, வைத்திருக்கிற ஊரிலேயே கல் வைத்துப் பார்க்கிறார்கள் அல்லவா, அதில் இந்த விஷயமும் தீர்ந்துவிடும்.

கடிகாரத்துக்கும் இது உண்டா?

ஊசல் கடிகாரத்துக்கு நிச்சயம் உண்டு. நாகர்கோவில் மணிமேடை 1893-இல் திறந்தது, அதன் கடிகாரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தொங்கவிட்ட எடை மெல்ல இறங்க இறங்க, அந்த இழுப்பில் ஓடுகிற வகை. லண்டனில் சரியாக ஓடும்படி திருகி வைத்த ஓர் ஊசல் கடிகாரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிந்தும். இங்கே ஈர்ப்பு குறைவு, ஊசல் சோம்பலாக ஆடும். ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கினால் சரியாகிவிடும். 1672-இலேயே பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் காயென் ஊருக்குக் கடிகாரம் கொண்டுபோன ரிஷே என்பவருக்கு இதே தொல்லை வந்தது. பூமிக்குத் தொப்பை உண்டு என்று நியூட்டன் வாதிட அந்தத் தொல்லைதான் கைகொடுத்தது.

கடலில் இறங்கினால் உடம்பு லேசாகிறதே, அங்கே ஈர்ப்பு குறைவா?

ஈர்ப்பு அதேதான். தண்ணீர் கீழிருந்து தாங்குகிறது. கழுத்தளவு நீரில் நின்றால் காலில் இறங்குவது ஐந்தாறு கிலோ அளவுதான். உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும்.

காற்றும் தாங்குகிறது என்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை. 60 கிலோ ஆள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்திருக்க வேண்டிய காற்றின் எடை ஏறத்தாழ 70 கிராம். அவ்வளவும் உங்கள் எடையிலிருந்து கழிந்துதான் மிஷினுக்கு வருகிறது. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது பெரிது, வாசலிலேயே நடக்கிறது.

பௌர்ணமி அன்று நிலா இழுப்பதால் எடை குறையுமா?

சித்ரா பௌர்ணமிக்குக் குமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் நிலா ஏறும். பார்க்கக் கூட்டம் அலைமோதும். அந்த நிலா 60 கிலோ ஆளின் எடையில் செய்யும் மாற்றம் சில மில்லிகிராம். தலைமயிர் சில உதிர்ந்தால் சரியாகிவிடும். கடல் ஏறி இறங்குவது வேறு: அங்கே ஒரு பெருங்கடலே சேர்ந்து நகர்கிறது.

தேங்காய் கனம், பாக்கு லேசு. ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது முதலில் வரும்?

இரண்டும் சேர்ந்துதான் வரும். தேங்காயைப் பூமி அதிகமாக இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்துவதும் அவ்வளவு கடினம். இரண்டும் சரிக்குச் சரி. ஐம்பது அடித் தென்னையிலிருந்து தரைக்கு இரண்டு நொடி கூட ஆகாது, விழும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். காய்ந்த ஓலை ஆடி ஆடி வருவது காற்றின் வேலை. தோப்பில் போகும்போது மேலே பார்த்துப் போங்கள்.

விண்வெளியில் ஈர்ப்பே இல்லையாமே, அதனால்தானே மிதக்கிறார்கள்?

பிள்ளைகள் அதிகம் கேட்பது இதுதான். பாதிப் பெரியவர்களும் தப்பாகச் சொல்வது இதைத்தான்.

விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 88 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேராகப் போய்விடும். அவர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால். பக்கவாட்டில் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருப்பதால் விழ விழப் பூமி வளைந்து விலகிக்கொள்கிறது. லிஃப்ட் கயிறு அறுந்து, நீங்களும் காலுக்குக் கீழே உள்ள மிஷினும் ஒன்றாக விழுந்தால் மிஷின் பூஜ்யம் காட்டும். அதுதான் அங்கே நாள் முழுக்க நடக்கிறது.

கயிறு அறுக்காமலே இதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆள் மிஷினை வைத்து ஏறுங்கள். மேலே கிளம்பும்போது நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் கூடினால் 60 கிலோ ஆளுக்கு 66 காட்டும். நடுவில் சீராகப் போகும்போது 60. நிற்கப்போகும்போது 54. படகில் தராசு ஒரு நிலையில் நிற்காததும் இதே காரணம்தான். அலை தூக்கும்போது கூடும், இறக்கும்போது குறையும். அதனால்தான் மீனைக் கரையில் வைத்து எடை போடுகிறோம்.

நிலாவில் எவ்வளவு இருப்பேன்?

நம்மூர் ஆள் மிஷினைக் கொண்டுபோனால் 60 கிலோ ஆளுக்கு 10 காட்டும். செவ்வாயில் 23. நிறை எங்கேயும் 60-தான். உடம்பு இளைக்காது.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய விக்ரம் லேண்டர் இங்கிருந்து கிளம்பும்போது சுமார் 1750 கிலோ. வழியில் எரிபொருள் கரைந்து குறைந்ததை விட்டுவிட்டாலும், நிலாவுக்கு அது இங்கே 290 கிலோவைத் தாங்குவது போலத்தான். இஸ்ரோவின் தலைவர்களாக இருந்தவர்களில் சிவன் நம் மாவட்டத்துச் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி வளாகம் மலைக்கு அந்தப் பக்கம், நெல்லை மாவட்டத்தில். அங்கே எஞ்சினைக் கட்டிப்போட்டு எரித்து, அது எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தள்ளுதலை அளப்பதும் லோட் செல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் என் கடையைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

காலையில் 60, மத்தியானம் 61.5. மிஷின் ரிப்பேரா, ஈர்ப்பு மாறுகிறதா?

இரண்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, மேலே இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மிஷினில் ஏறினால் அதெல்லாம் எண்ணில் வரத்தானே செய்யும். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்தால் அதே மாதிரி குறைந்து காட்டும். ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். தினமும் காலையில், கழிப்பறை போய் வந்தபின், சாப்பிடும் முன்பு பாருங்கள். அந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால் மிஷினை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். போன மாதம் வயசான பாட்டா ஒருவர் புது மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடையில் 64 காட்டியது வீட்டில் 58 காட்டுகிறதாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில், தடித்த கயிற்றுப்பாயின் மேல் வைத்திருந்தார். நான்கு கால்களும் பாயில் புதைந்து மிஷினின் வயிறு தரையைத் தொட்டது. பாரத்தில் ஒரு பங்கு கட்டைக்கு வராமல் பாய்க்குப் போய்விட்டது. மிஷினை மொசைக் தரையில் வைத்தேன், 64 வந்தது. பாட்டா கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாயிலயே கெடக்கட்டும்" என்றார்.